புழு தொடாத கட்டை

ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். குட்டிக்கட்டிலின் கால் பக்கத்தில் துடைப்பத்தில் ஒரு பிடி மாவு சேர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பு என்று நினைத்து முறத்தில் வாரிக் கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பத்தொன்பது வருடமாக அந்த மாவைத்தான் காகிதத்தில் தட்டி, எடை போட்டு, மேலே எண் எழுதி வைத்துச் சம்பளம் வாங்குகிறேன். குனிந்து இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். நெறுநெறுவென்றது. மாவுக்கு நடுவே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் குட்டிக்குட்டி உருளைகள். பைன் மரத்தைத் துளைக்கிற நீளமீசை வண்டின் புழு போட்ட கழிவு. சந்தேகத்துக்கே இடமில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கட்டில் என் மகளுடையது. அவள் போய் ஆறு வருடம் தாண்டிவிட்டது. அறையை வாரம் ஒருமுறை பெருக்குவேன், ஜன்னலைத் துடைப்பேன், கட்டிலை மட்டும் தொட மாட்டேன். மேல் சட்டத்தின் மீது அவளுடைய மஞ்சள் போர்வை கிடந்தபடியே கிடக்கும். அதை எடுத்து மடிக்க எனக்கும் துணிச்சல் வந்ததில்லை, என் வீட்டுக்காரர் இவருக்கும் வந்ததில்லை.

நான் வேலை பார்ப்பது மரத்தைத் தின்னும் வண்டுகளை ஆராயும் கூடத்தில். விஞ்ஞானி எல்லாம் இல்லை, உதவியாளர். மேடம் சொல்வதைச் செய்கிற ஆள். சோப்பு அளவுக்குப் பைன் கட்டைகளை அறுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துளை போட்டு, துளைக்கு ஒரு புழுவை விட்டு, அடைத்து, சூடான அறையில் அடுக்கி வைப்பேன். குறித்த தேதியில் கட்டையைப் பிளந்து புழுவை எடுத்து எடை போடுவேன். பைன் மரத்துக்கு வெளிப்பக்கம் ஒரு குணம், உட்பக்கம் ஒரு குணம். வெளிவளையங்களைத் தச்சர்கள் வெள்ளை என்பார்கள். நடுவிலிருப்பது வைரம். வெள்ளையில்தான் புழுவுக்கு வேண்டிய சத்து எல்லாம் இருக்கிறது. நல்ல வெள்ளை கிடைத்தால் மூன்று வருடத்தில் கொழுத்து வண்டாகிப் பறந்துவிடும். காய்ந்து சத்துச் செத்த வெள்ளையாக இருந்தால் எட்டு வருடம், பத்து வருடம்கூட அரைகுறையாகத் தின்றுகொண்டு உள்ளேயே கிடக்கும், வெளித்தோலை மட்டும் காகிதம் மாதிரி விட்டுவைக்கும். வைரத்தில் விட்டால் கதை வேறு. மரம் தன் நடுநெஞ்சில் என்னவோ ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறது, அதன் பெயர் என் வாயில் நுழையாது. ஒரு கடி கடித்துவிட்டுப் புழு திரும்பிக்கொள்ளும், திரும்ப வழியில்லாவிட்டால் சாகும்.

இதைப் பற்றி மேடம் சொன்னது "புழுவுக்கு ஆகாது" என்பது மட்டும்தான். நான் வீடு வந்து சேருவதற்குள் அது விஷமாகிவிட்டது. எல்லாம் என் வாய்க்கொழுப்பு.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், எனக்கு ஆறு மாதம். இவர் தச்சுவேலை செய்துகொண்டிருந்தார். கை சுத்தமான வேலைக்காரர், அதைப் பெண்டாட்டி சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஆய்வுக்கூடத்தில் கட்டை அறுத்தது போக மிஞ்சிய பலகைகளை மேடத்திடம் கேட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கொல்லையில் இறக்கினேன். கொல்லை முழுக்கப் பிசின் வாசம். பிறக்கப் போகிற பிள்ளைக்குக் கட்டில் செய்ய வேண்டும், அதுவும் முழுக்க வெள்ளையிலேயே செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டேன்.

"எவனாவது வெள்ளைய வெச்சு சாமான் செய்வானா? பாக்கறவன் காறித் துப்புவான்" என்றார்.

"துப்பட்டும். வைரத்துல விஷம் இருக்குங்க. புழு ஒரு கடி கடிச்சா போய்ச் சேந்துடுது. நாளைக்கு நம்ம புள்ளைக்குப் பல்லு மொளச்சா எதையெல்லாம் கடிக்குமோ."

"நெஜமாவா?"

"பின்ன? பத்து வருஷமா என்னத்தப் பாக்கறேன் நான்?"

அதோடு விட்டேனா? பாலிஷும் கூடாது என்றேன். "ஆபீஸ் அடுப்புல ஒரு தடவ வாட்டி எடுத்துட்டு வந்துடேன், பூச்சி கீச்சி இருந்தா போயிடும்" என்று அவர் கேட்டார். அதுவும் வேண்டாம், சூட்டில் வாசம் போய்விடும், பிள்ளை நல்ல வாசத்தில் தூங்கட்டும் என்றேன். அந்த வாசத்தை மோப்பம் பிடித்துத்தான் பெண்வண்டு முட்டையிட வரும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பாடத்தைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிற பூரிப்பில் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று. இவர் தலையில் அடித்துக்கொண்டு, "புழுக்காரி சொல்லிட்டா, அப்பீல் ஏது" என்று சிரித்தபடி இழைப்புளியை எடுத்தார்.

அவளுக்கு எட்டாம் மாதம் பல் முளைத்தது. முளைத்ததிலிருந்து அந்த மேல் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்று கடிப்பாள். கறுக் கறுக்கென்று அடுப்படி வரை கேட்கும். அதனால்தான் எலிக்குட்டி என்று பெயர் விழுந்தது, சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "உன் ஆபீஸ் புழுவே தேவலாம்டி, இவ ஒரு மாசத்துல கட்டிலையே முழுங்கிடுவா" என்பார் இவர். வேலை முடிந்து வந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு அன்றைக்குப் புதிதாக விழுந்த தடங்களை எண்ணிக் காட்டுவார். முதலில் இரண்டிரண்டாக, பிறகு நான்கு நான்காக, சட்டம் நெடுக வரிசை ஓடியது.

இரண்டு வயது தாண்டியதும் காய்ச்சல் வந்தது. போயிற்று. மறுபடி வந்தது. காலில் இடிக்காமலே கன்றிப்போன தடங்கள் தெரிந்தன. ரத்தத்தில் கோளாறு என்றார்கள். நான்கு மாதம் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். வைத்தியம் பார்த்த டாக்டரிடம் இவர் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார். "எதையாவது வாயில வெச்சு கடிச்சதால வந்திருக்குமா டாக்டர்?" மூன்றாவது தடவை டாக்டருக்கே அலுத்துவிட்டது. "கொழந்தைங்கன்னா எல்லாத்தையும் வாயில வெக்கும்பா. இது அப்படி வர்றது இல்ல" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை அங்கே துணி மாதிரி கிடக்கிறாள், இந்த மனுஷன் ஒன்றுமில்லாத கேள்வியைப் பிடித்துத் தொங்குகிறாரே என்று, வராந்தாவுக்கு வந்ததும் "உங்களுக்கு வேற கேள்வியே கெடைக்கலையா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

அவள் போன பிறகு இவர் மரத்தைத் தொடவில்லை. கருவிப்பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு அலுமினிய ஜன்னல் பொருத்துகிற கம்பெனியில் சேர்ந்தார். எத்தனையோ பேர் வந்து கேட்டுப் பார்த்தார்கள், மசியவில்லை. துக்கம், தானாக ஆறும் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் இருந்துவிட்டு வருவார். அது அவருக்கும் அவர் மகளுக்கும் உள்ள நேரம் என்று நானும் குறுக்கே போனதில்லை. எங்களுக்குள் சண்டை சச்சரவு கிடையாது. உப்பு இருக்கா, தண்ணி வந்துச்சா என்பதோடு ஒரு நாள் பேச்சு முடிந்துவிடும்.

இத்தனையையும் வைத்துக்கொண்டுதான் மாவைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் காலையிலேயே யார் வீட்டுக்கோ ஜன்னல் அளவெடுக்கப் போயிருந்தார். கட்டிலின் காலில் காதை ஒட்டி வைத்தேன். முதலில் என் மூச்சுதான் கேட்டது. மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். கரக்... கரக்... கொஞ்சம் விட்டு மறுபடியும் கரக். கொல்லையில் பலகை கிடந்த அந்த ஒரு மாதத்தில்தான் வண்டு வந்து முட்டையிட்டிருக்க வேண்டும். காய்ந்த கட்டை, சத்தில்லாத தீனி, அதனால்தான் இத்தனை வருடம். இந்தப் புழு என் மகளைவிட மூத்தது. அவள் தூங்கியபோதும் அது உள்ளே தின்றுகொண்டிருந்திருக்கிறது. அவளை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோதும் தின்றுகொண்டிருந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்குக் கட்டிலைக் கையால் பிய்த்துப் போட்டிருப்பேன். ஆனால் யாரைக் கோபித்துக்கொள்வது? பலகையைக் கொண்டுவந்தவள் நான், வெள்ளையைக் கேட்டவள் நான், சூடு காட்ட வேண்டாம் என்றவளும் நான். அவளுடையது என்று மிச்சமிருந்தது அந்தப் பல்தடங்கள் ஒன்றுதான். அதையும் புழுவுக்குத் தின்னக் கொடுத்துவிட்டேனே.

சாக்குத் தைக்கிற கோணூசியை எடுத்துவந்தேன். அரித்த மரத்துக்குள் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க நாங்கள் செய்கிற வேலைதான். காலில் குத்தினேன், பாதி ஊசி உள்ளே இறங்கிற்று. நான்கு காலும் அப்படித்தான். பக்கத்துக் குறுக்குச் சட்டங்கள், அடிச்சட்டம், எங்கே தொட்டாலும் ஒரே கதி. மேலே பார்த்தால் நேற்று இழைத்தது போல வழவழவென்று இருக்கிறது, உள்ளே பொக்கு. கடைசியாக மேல் சட்டம் மிஞ்சியது. போர்வையை எடுத்தேன். ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. போர்வையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் பல் படாத ஓரமாகப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு ஊசியை அழுத்தினேன்.

இறங்கவில்லை. இன்னும் அழுத்தினேன், ஊசிதான் வளைந்தது.

வேறு இடத்தில், அப்புறம் இன்னொரு இடத்தில். எங்கேயும் இறங்கவில்லை. காலும் மேல் சட்டமும் சேருகிற மூட்டில் தோலைக் கீறிப் பார்த்தேன். கால் வழியாகப் புழுப்பாதை அகலமாக மேலே ஏறி வந்திருந்தது. சட்டத்தைத் தொட்ட இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரே ஒரு கடி. அங்கிருந்து அப்படியே வளைந்து திரும்பிக் கீழே போய்விட்டது. ஆய்வுக்கூடத்தில் எத்தனை கட்டையில் இந்த வளைவைப் பார்த்திருப்பேன். மேல் சட்டம் வைரம். அறுத்த புதிதில் இரண்டும் ஒரே நிறமாகத்தான் தெரியும், நாள்பட்டால்தான் வைரம் சிவக்கும். சிவந்துதான் இருந்தது. போர்வை போர்த்தி வைத்திருந்ததில் நான் கவனிக்கவில்லை.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. பல்தடங்கள் பிழைத்தன. அடுத்த நொடி, என் பேச்சைக் கேட்காமல் ஏமாற்றியிருக்கிறாரே என்று சுருக்கென்றது. அதற்கடுத்த நொடிதான் மண்டையில் உறைத்தது. இதே சட்டத்தைத்தான் அவள் ஒன்றரை வருடம் கடித்தாள். வைரத்தில் விஷம் இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தேன். எதையாவது வாயில் வைத்துக் கடித்ததால் வந்திருக்குமா டாக்டர் என்று அவர் மூன்று தடவை கேட்டார். எதை என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

சட்டத்தைப் பிடித்தபடி எழுந்திருக்கப் பார்த்தேன். விரல்கள் அடிப்பக்கத்தில் எதிலோ தட்டுப்பட்டன. மல்லாந்து படுத்துக் கீழேயிருந்து பார்த்தேன். அடிப்பக்கம் நெடுகப் பல்தடம். குழந்தைப் பல் இல்லை. பெரிய ஆளின் பல், ஆழமாக, ஒன்றின்மேல் ஒன்றாக, சில இடங்களில் மரம் சிலாம்பு சிலாம்பாகப் பிய்ந்திருந்தது. ஒவ்வொரு தடத்திலும் மேல்வரிசையில் ஒரு பல் பாதிதான் பதிந்திருந்தது. ஆணியை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்து உடைத்துக்கொண்ட பல் அது. கல்யாணத்துக்கு முந்தியே உடைந்தது.

வாசல் கதவுச் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவி, என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"என்னடி, தரையில படுத்திருக்க? மயக்கமா?"

"புழு வந்துடுச்சுங்க."

அவர் பார்வை என் பக்கத்தில் கிடந்த போர்வைக்குப் போயிற்று, அப்புறம் திறந்து கிடந்த சட்டத்துக்குப் போயிற்று. நிலைப்படியில் சாய்ந்துகொண்டார்.

"மேல் சட்டம் வைரம்" என்றேன்.

 அவர் சட்டத்தைப் பார்த்துத்தான் பேசினார். "புடிச்சு எழுந்து நிக்கிற எடம். வெள்ளை ஒடிஞ்சு தொலஞ்சா புள்ள தலகுப்புற விழுந்துடுமேன்னு பயம். உன்கிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டே. அது ஒண்ணுதான் வெச்சேன். மத்ததெல்லாம் நீ சொன்ன மாதிரிதான்."

"அடியில இருக்கறது உங்க பல்லு."

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"அவ போன மாசத்துலேர்ந்து. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணுமே ஆக மாட்டேங்குது. பெரிய ஒடம்பு, அதான் ஏற மாட்டேங்குதுன்னு நெனச்சுக்குவேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் சேத்துக் கடிப்பேன்."

  ஆறு வருடம், வாரத்துக்கு ஒரு தடவை, சுவருக்கு இந்தப் பக்கம் நான் தட்டு கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அது விஷம் இல்லைங்க" என்றேன். "புழுவுக்குத்தான் ஆகாது. பொடிப் புழு, அதையே தின்னு அதுலயே கெடக்கற புழு. மனுஷனுக்கு ஒண்ணும் பண்ணாது. நான் சும்மா, எனக்கு நாலு விஷயம் தெரியும்னு பீத்திக்கறதுக்கு விஷம்னு சொன்னேன். நீங்க வெச்சதால இல்ல. நாம பண்ண எதனாலயும் இல்ல."

"எனக்காகச் சொல்றியா?"

"சத்தியமா இல்ல."

"அன்னிக்கு விஷம்னதும் நீதான். இன்னிக்கு இல்லைங்கறதும் நீதான்." கோபமாகச் சொல்லவில்லை. எதை நம்புவது என்று என்னிடமே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

மேடத்தைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாம், புத்தகத்தில் இருப்பதைக் காட்டலாம். அந்த நேரத்தில் இதெல்லாம் தோன்றவே இல்லை. எழுந்து மண்டியிட்டு, சட்டத்தின்மேல் குனிந்தேன். எலிக்குட்டியின் கடைசி வரிசைக்குப் பக்கத்தில், இரண்டு விரல் தள்ளி, வாயை வைத்து என் பலம் கொண்ட மட்டும் கடித்தேன். பல் கூசிற்று. பிசின் நாக்கில் ஒட்டியது.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கசக்குதா?"

"லேசா."

"எனக்கும் கசக்கும்." உடைந்த பல் தெரிய உதட்டைக் கடித்துக்கொண்டார். "அவ ஒரு நாளும் மொகம் சுளிச்சதில்லையேடி."

அதைச் சொல்லிவிட்டு அழுதார். மருத்துவமனையில் அழாதவர், தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் அழாதவர், போர்வையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அழுது முடித்து ரொம்ப நேரம் கழித்து, பரண்மேல் இருந்த கருவிப்பெட்டியை இறக்கினார். கட்டில் முழுக்கப் புழு இருக்கிறது, இனி வைத்திருக்க முடியாது, மேல் சட்டத்தை மட்டும் தனியாக எடுத்துவிடுங்கள் என்றேன். உளியை மூட்டில் வைத்து இரண்டு தட்டுத்தான் தட்டினார். சட்டம் முழுசாகக் கையோடு வந்தது. அது வந்ததும் மீதிக் கட்டிலுக்கு நிற்கத் தெம்பில்லை. சத்தமில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது, கால் பிளந்து மாவு கொட்டியது. மாவுக்கு நடுவே வெள்ளையாக ஒரு புழு நெளிந்தது. பழக்கதோஷம், உள்ளங்கையில் எடுத்து எடையைப் பார்த்தேன்.

"இதுவா?" என்றார்.

"இதுதான்."

"எத்தன வயசு இருக்கும்?"

"ஒம்போது."

அவர் குனிந்து என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம எலிக்கும் ஒம்போது ஆகியிருக்கும்ல?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். புழுவை அது வந்த காலின் பிளவுக்குள்ளேயே விட்டேன், மெதுவாக உள்ளே போயிற்று.

பிறகு, ஒட்டியிருந்த மாவைத் தட்டி வெயிலில் வைக்க மேல் சட்டத்தை வெளியே எடுத்துப் போனோம். ஒரு கையில் தூக்கிவிடக்கூடிய கட்டைதான். அவர் ஒரு முனையைப் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். மகளின் பல்தடங்கள் மேலே இருக்கும்படி புரட்டிக்கொண்டதில், அடியில் ஏந்திய எங்கள் விரல்கள் அவருடைய தடங்களில் பதிந்தன. அவர் பின்பக்கமாக நடந்தார். கொல்லைக் கதவருகே, "பாத்துங்க, படி இருக்கு" என்றேன். நின்று, காலால் படியைத் தேடி, ஒவ்வொன்றாக இறங்கினார். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.